மீன் ஜாக்கெற்

1

எங்கள் வீட்டுக் கராஜுக்குள் இதுவரை கார் நுழைந்ததில்லை. ரொறொன்ரோவில், அஜின்கோர்ட் பகுதியில் இந்த வீட்டை வாங்கிய நாள் தொடக்கம் கார் வெளியில்தான் நிற்கிறது. பனி, உறைமழை, பக்கத்து வீட்டு மரத்துப் பறவைகள் என்று எல்லாவற்றையும் அது தாங்கிக்கொள்கிறது. உள்ளே கூரைக்குக் கீழே சொகுசாக இருப்பவை வேறு: ஒரு பழைய மின்னடுப்பு, மீன் பொரித்துக் கறுத்துப்போன தாச்சி, கால் ஆடும் மேசை, சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் என் மனைவி சாந்தியின் பழைய குளிர் ஜாக்கெற் தொங்கும். தலைமூடி வைத்தது, முழங்கால்வரை நீண்டது. வீட்டில் அதற்குப் பெயர் மீன் ஜாக்கெற். மீன் பொரிக்கும்போது மட்டும் போடுவது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. இங்கே குளிர்காலத்தில் வீடு என்பது இறுக்கி மூடிய போத்தல். உள்ளே ஒருமுறை மீன் பொரித்தால் அந்த மணம் வெளியேற வழி தெரியாமல் கம்பளத்தில் படுத்து, திரைச்சீலையில் ஏறி, கடைசியில் ஜாக்கெற்றுகளில் குடியேறிவிடும். நிரந்தர வதிவிட உரிமை எடுக்க நாங்கள் ஆண்டுக்கணக்காக அலைந்தோம். மீன் மணத்துக்கு அது ஒரே பின்னேரத்தில் கிடைத்துவிடுகிறது.

ஆகவே ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்துத் தமிழர்கள் ஒரு தீர்வு கண்டோம். மீனைக் கராஜுக்கு அனுப்பினோம். ஞாயிறு மத்தியானம் எங்கள் தெருவால் நடந்து போனால், எந்தெந்த வீட்டில் தமிழர் என்று பெயர்ப்பலகை பார்க்கத் தேவையில்லை. புகை போவதற்காகக் கதவு அரைவாசி தூக்கியிருக்கும். கதவுக்குக் கீழே பனிச்சப்பாத்து போட்ட இரண்டு கால்கள் தெரியும். கால்கள் இடைக்கிடை மாறி மாறித் துள்ளும். அது நடனம் அல்ல, குளிர்.

இன்னொரு முறையும் உண்டு. எண்ணெய் சூடாகத் தொடங்கியதும் வாசல் அலுமாரியில் தொங்கும் அத்தனை ஜாக்கெற்றுகளையும் அள்ளிக்கொண்டு மேல்மாடி அறைக்குள் போட்டு, கதவைச் சாத்தி, கதவின் கீழ் நீக்கலுக்கு ஒரு துவாயும் வைக்கவேண்டும். பொரிப்பது கராஜில், ஜாக்கெற்றுகள் வீட்டுக்குள், இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். இருந்தாலும் அள்ளவேண்டும். இதைச் சாந்தி யோசித்துச் செய்வதில்லை. எண்ணெய் சீறினால் அவளுடைய கைகள் தாமாகவே ஜாக்கெற்றைத் தேடும்.

2

எல்லாம் தொடங்கியது டோர்செட் பார்க்கில், அடுக்குமாடியில் இருந்தபோது. அங்கே கராஜ் இல்லை. எட்டாம் மாடியில் பொரித்தால் பத்தாம் மாடிக்காரர் லிஃப்டில் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

எங்கள் மகள் மிதுனாவுக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள் ஜாக்கெற்றைக் கழற்றி நிலத்தில் போட்டாள். "உதை நான் இனிப் போடமாட்டன்" என்றாள். வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய் வேறு கதிரையில் இருந்துவிட்டதாம். அடுத்த நாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட யோசிக்கும் குளிரில், அவள் ஸ்வெற்றரோடு வாசலில் நின்றாள். சாந்தி கெஞ்சினாள், நான் அதட்டினேன், பிள்ளை அசையவில்லை. அந்தப் பிடிவாதம் என் பரம்பரையில் இருந்து வந்தது என்று பிறகு பெருமைப்பட்டேன். அன்றைக்குப் பெருமைப்படவில்லை.

அந்த வாரமே சாந்தி வீட்டில் மீன் காய்ச்சுவதை நிறுத்தினாள். சில காலம் கழித்து வீடு பார்க்கப் போனபோது, விற்பனை முகவர் சமையலறையையும் குளியலறையையும் புகழ்ந்துகொண்டு நிற்க, அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கராஜுக்குள்ள பிளக் பொயின்ற் இருக்கோ?"

என்னுடைய பங்குக்கு அலுவலகத்தில் ஒரு சம்பவம். முதல்நாள் குழம்பை மைக்ரோவேவில் சூடாக்கினேன். பின்னேரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'அனைவருக்கும்' என்று தொடங்கி எனக்கு மட்டுமே எழுதப்பட்டது. பகிர்ந்து வாழும் இடங்கள், பரஸ்பர மதிப்பு, வாசனை உணர்திறன் என்று மூன்று பந்தி. மீன் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இவ்வளவு நாகரிகமாக யாரும் என்னை ஏசியதில்லை. அடுத்த நாள் மைக்ரோவேவுக்கு மேலே ஓர் அறிவித்தல் ஏறியது, அதில் மட்டும் மீனின் படம் போட்டு ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அன்று தொடக்கம் சீஸ் சான்ட்விச் சாப்பிடுகிறேன். நான் பயந்தேன் என்று நினைக்கவேண்டாம். மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நேர்மையாகச் சொன்னால், ஒதுக்கி வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை மச்சச் சட்டி அடுப்படியின் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும். சட்டியை மட்டுமல்ல, ஆட்களையும் எங்கே நிற்பாட்டுவது என்று நன்றாகப் பழகிவிட்டு விமானம் ஏறியவர்கள் நாங்கள். ஆனால் அங்கே சட்டியைத்தான் ஒதுக்கினோம், மணத்தை அல்ல. "என்ன, இண்டைக்கு உங்கடை வீட்டில சூடை மீன் போலை" என்று வேலிக்கு அப்பால் இருந்து குரல் வரும். அது முறைப்பாடு இல்லை, சுகம் விசாரிப்பது. ஒரு கிண்ணம் அனுப்பு என்பதும் அதற்குள் அடக்கம்.

3

போன புரட்டாதியில் எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருசம். நான் நயாகரா என்றேன். சாந்தி சிதம்பரம் என்றாள். மிதுனா இப்போது நகரத்து நடுவில் தனியாக ஒரு கொண்டோ மாடிவீட்டில் இருக்கிறாள். ஞாயிறுகளில் வருவாள், சாப்பிடுவாள், தொலைபேசியைப் பார்ப்பாள், போவாள். அவள் எங்கள் இருவரையும் கேட்காமல் கிரேக்கத்துக்கு மூன்று சீற் எடுத்துவிட்டாள். விமானநிலையத்தில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, ஒரே ஒரு ரூல். டோன்ற் எம்பரஸ் மீ."

"நானோ?"

"நீங்கதான். அம்மா ஓகே."

இந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வையுங்கள்.

தீவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த கோடையில் எங்கள் ஸ்காபரோவில் இருந்து ஒரு சங்கத்தின் வருடாந்தச் சுற்றுலா அங்கே வந்திறங்கும். சின்னத் துறைமுகம், வெள்ளைச் சுவர், அதன் ஓரத்தில் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்று. வெளியே போட்டிருந்த நீலக் கதிரைகளைக் காற்று உருட்டிக்கொண்டிருந்ததால் எல்லோரும் உள்ளே. உள்ளே என்றால் ஒரே அறை. ஆறு மேசை, மூலையில் அடுப்பு, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு சுவர்கூட இல்லை. பரிமாறுபவர் ஸ்தவ்ரோஸ், அறுபது வயது, வயிறு முன்னால் போகத் தான் பின்னால் வருபவர். சமைப்பவர் அவருடைய மனைவி எலேனி.

அங்கே சாப்பாட்டு அட்டை கேட்டால் சிரிக்கிறார்கள். ஸ்தவ்ரோஸ் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டுவார். எது வேண்டுமோ அதை எடுக்கலாம். எனக்கு உடனே உசார் வந்துவிட்டது. எங்கள் விளைமீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒன்று கிடந்தது. தூக்கினேன், செவுளைத் திறந்து சிவப்புப் பார்த்தேன், வயிற்றை அமுக்கினேன், மணந்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப வைத்தேன். முகம் சுளிப்பது மீனுக்காக அல்ல, விற்பவருக்காக.

"அப்பா..." என்றாள் மிதுனா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

ஸ்தவ்ரோஸ் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மேலே கிடந்தவற்றை ஒதுக்கி, அடியிலிருந்து வேறு இரண்டு மீனை எடுத்து நீட்டினார். கண் கண்ணாடி மாதிரி. மீன் விற்பவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள். பெரிதைச் சுடவும், ஒரு தட்டுச் சின்ன மீனைப் பொரிக்கவும் சொல்லிவிட்டு வெற்றிவீரனாக மேசைக்குத் திரும்பினேன்.

"ஒரு ரூல்தானே போட்டனான்" என்றாள் மகள்.

"இது எம்பரஸ் இல்லை பிள்ளை. இது குவாலிற்றி கொன்ட்ரோல்."

4

எலேனி எண்ணெயில் முதல் மீனைப் போட்டார். சீறல் சத்தம் அந்தச் சின்ன அறையை நிரப்பியது.

சாந்தி எழுந்தாள்.

கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். என் கதிரையின் பின்னால் தொங்கிய ஜாக்கெற்றை எடுத்தாள். மிதுனாவுடையதை எடுத்தாள். தன்னுடையதை எடுத்தாள். கை அத்துடன் நின்றால்தானே. அடுத்த மேசையில் தனியாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த முதியவரின் கதிரையில் ஒரு கறுத்த தோல் ஜாக்கெற் தொங்கியது. அதையும் எடுத்து மற்றவற்றோடு சேர்த்துக்கொண்டாள். நாலையும் மார்போடு அணைத்தபடி திரும்பி மேல்மாடியைத் தேடினாள். மேல்மாடி இல்லை. ஆகவே கதவைத் திறந்துகொண்டு காற்றுக்குள் இறங்கினாள்.

முதியவரின் முள்ளுக்கரண்டி வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது. கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். அர்த்தம் விளங்க மொழி தேவைப்படவில்லை. மீன் மனதுக்குப் பிடிக்காமல் நாங்கள் கிளம்புகிறோம் என்று நினைத்து ஸ்தவ்ரோஸ் ஓடிவந்தார். முழு அறையும் கதவைப் பார்த்தது.

"அம்மா!" மிதுனா பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தாள். "என்ன செய்யிறீங்கள்?"

சாந்தி நின்றாள். தன் கைகளில் இருந்ததைப் பார்த்தாள். தோல் ஜாக்கெற்றைப் பார்த்தாள்.

"மீன் பொரிக்கினம், பிள்ளை" என்றாள்.

எங்களுக்கு அது போதும். எங்கள் தெருவில் யாருக்கும் போதும். கிரேக்கருக்குப் போதவில்லை. மகள்தான் உடைமைக்காரரின் தோல் ஜாக்கெற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். மீன் சமைக்கும்போது நாங்கள் ஜாக்கெற்றுகளை வேறு இடத்தில் வைப்போம், அவற்றில் மணம் பிடித்துவிடும் என்பதற்காக. ஸ்தவ்ரோஸ் அதை மொழிபெயர்த்தார். எலேனி எண்ணெய் வடிக்கும் கண்ணகப்பையோடு அடுப்படியில் இருந்து வந்து ஏதோ கேட்டார்.

"என்ன மணம் என்று கேட்கிறா" என்றார் ஸ்தவ்ரோஸ்.

"மீன் மணம்" என்றாள் மிதுனா.

மொழிபெயர்த்தார். எலேனி தலையை ஆட்டிவிட்டு, வசனத்தின் மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மிச்சம் இல்லை என்று தெரிந்ததும் கணவரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பில்தான் பிழை என்று நினைத்திருக்கவேண்டும். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார்.

"அது கூடாது என்று உங்களுக்கு ஆர் சொன்னது என்று கேட்கிறா."

நான் தொண்டையைச் செருமினேன். இப்படியொரு கேள்விக்காகப் பல வருசமாக ஓர் உரை தயாராக வைத்திருந்தேன். கடலோரப் பெண்களை மீன் மணத்தோடு சேர்த்தே பாடிய பழந்தமிழ்ப் புலவர்களில் தொடங்கி, குடியேற்ற ஆட்சி வழியாக, மைக்ரோவேவ் அறிவித்தலில் வந்து முடிவது. வாயைத் திறப்பதற்குள் மிதுனா சொன்னாள்.

"மீ. இற் வாஸ் மீ. ஐ வாஸ் எய்ற்."

எட்டு வயதில் நடந்தது அவளுக்கு மறந்துவிட்டது என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். மறந்திருந்தால் குரல் அப்படி வந்திராது. ஸ்தவ்ரோஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

"விடு பிள்ளை" என்றாள் சாந்தி. "அந்தக் குளிருக்குள்ள ஜாக்கெற் இல்லாமல் வெளிக்கிட்டு நிண்டனீ. வேறை என்ன செய்யிறது."

எலேனிக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. கண்ணகப்பையைக் கணவரின் கையில் திணித்துவிட்டு, சாந்தியிடம் இருந்த மூன்று ஜாக்கெற்றுகளையும் வாங்கினார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒன்றில் அவருடைய நல்ல கோட் தொங்கியது, தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போவது. எங்களுடையவற்றை அதற்குப் பக்கத்தில், எண்ணெய் தெறிக்கும் தூரத்தில் கொழுவிவிட்டு, திரும்பிப்போய் மீனைப் புரட்டினார்.

முதியவர் தன் தோல் ஜாக்கெற்றை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் நன்றாக மணந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அறை முழுவதும் சிரித்தது.

"அவர் வாழ்க்கை முழுக்க மீன் பிடிக்கிறவர்" என்றார் ஸ்தவ்ரோஸ். "அவருடைய ஜாக்கெற்றைக் காப்பாற்றப் பார்த்த முதல் ஆள் உங்கள் மனைவிதானாம். அவருடைய மனைவிகூட முயற்சி செய்யவில்லையாம்."

சாந்தியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தொடங்கி, பிறகு பொத்தாமல்.

5

மீன் வந்தது. எலுமிச்சை, ஒலிவ் எண்ணெய், உப்பு, வேறொன்றும் இல்லை. முள்ளுக்கரண்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையால் தொடங்கினேன். மிதுனா கூரையைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கராஜில குளிர்றேல்லையா?"

"குளிரும்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

நான் மீன் தலையில் மும்முரமாக இருந்தேன். சில வேளைகளில் மீன் தலை ஒரு மனிதனுக்குப் பெரிய உதவி.

சாந்தி எலுமிச்சைத் துண்டைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தாள். "இனி நான் கராஜுக்குப் போகமாட்டன்" என்றாள். உப்பைத் தாருங்கோ என்று கேட்கும் அதே குரலில்.

"கோடையில பாப்பம்" என்றேன், சமாதானமாக.

"கோடையில போவன், காத்து வாங்க. குளிருக்குப் போகமாட்டன்."

விடுமுறைப் பேச்சு என்று நினைத்தேன். கடற்கரையில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் குடித்தால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், பியர்ஸன் விமானநிலையத்தில் பெட்டி சுழன்று வரும்போது தெளிந்துவிடும். ஆனால் சாந்தி குடித்தது தண்ணீர். அதைக் கவனித்திருக்கவேண்டும்.

அடுத்த மூன்று நாளும் அந்தக் கடைக்குத்தான் போனோம். ஒவ்வொரு நாளும் உள்ளே நுழைந்ததும் சாந்தி ஒருவரையும் கேட்காமல் நேரே அடுப்புப் பக்கம் போய்த் தன் ஜாக்கெற்றை எலேனியின் கோட்டுக்குப் பக்கத்தில் கொழுவினாள். இரண்டு பேருக்கும் ஒரு பொதுச்சொல் கிடையாது. அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எலேனி தட்டில் போட முன் ஒரு சின்ன மீனை எடுத்து நீட்டுவார், இவள் வாயில் போட்டுவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். உப்புக் காணாது. எலேனி போடுவார்.

6

கார்த்திகையில் முதல் பனி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை. சந்தியில் இருக்கும் மீன்கடையில் நல்ல விளைமீன் வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல் என் கடமையைச் செய்தேன். கராஜ் கதவை அரைவாசி தூக்கினேன், அடுப்பைப் போட்டேன். ஆணியில் மீன் ஜாக்கெற் தயாராகத் தொங்கியது. எதிர்வீட்டுக் கராஜின் கீழே சப்பாத்துக் கால்கள் ஏற்கெனவே துள்ளத் தொடங்கியிருந்தன.

சாந்தி வந்தாள். மேசையில் கிடந்த தாச்சியை எடுத்தாள். திரும்பி வீட்டுக்குள் போனாள். சமையலறையில் எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது.

என்னை அறியாமல் ஓடினேன். வாசல் அலுமாரியைத் திறந்து இரண்டு கையாலும் ஜாக்கெற்றுகளை அள்ளிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தேன்.

"எங்கை கொண்டு போறீங்கள்?"

"மேலை."

"வையுங்கோ."

"சாந்தி, கம்பளம் இருக்கு, திரைச்சீலை இருக்கு..."

"இருக்கட்டும்."

"மாசியில வீட்டை விக்கப் போடுறம். பிக்கரிங்குக்குப் போறது எண்டு நீர்தானே சொன்னனீர். வீடு பாக்க வாற சனம் என்ன சொல்லும்?"

"அதுகளும் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

பல வருசமாகத் தயாரித்த உரை முழுவதும் எந்தப் பக்கம் பேசியதோ, அந்தப் பக்கத்தில் இப்போது அவள் நின்றாள். நான் ஜாக்கெற்றுகளோடு படியில் நின்றேன். ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுபோய்க் கொழுவினேன். பிறகு கராஜுக்குப் போய் அடுப்பை நிறுத்தி, கதவை இறக்கி, ஆணியில் இருந்த மீன் ஜாக்கெற்றையும் எடுத்துவந்து மற்ற ஜாக்கெற்றுகளுக்கு நடுவில் போட்டேன். அலுமாரி கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டரைக்கு மிதுனா வந்தாள். கதவைத் திறந்தவள் வாசலில் நின்றாள். மூக்கு ஒருமுறை விரிந்தது. அந்தக் கணத்தில் அவளுக்கு எட்டு வயது என்பதை நான் கண்ணால் கண்டேன். போட்டிருந்தது புதுக் கோட், ஒட்டகத்தின் நிறம், அலுவலகத்துக்குப் போட வாங்கியது. சமையலறையில் கண்ணகப்பையின் சத்தம் நின்றுவிட்டது. சாந்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மீனையும் புரட்டவில்லை.

மிதுனா நேரே சமையலறைக்கு நடந்தாள். கோட்டைக் கழற்றி, அடுப்புக்கு மிகக் கிட்டவாக இருந்த கதிரையில் போட்டாள்.

"அலுமாரியில இடமிருக்கு, பிள்ளை" என்றேன்.

"தெரியும். இஞ்ச வோர்மா இருக்கு."

மீன் புரளும் சத்தம் கேட்டது.

சாப்பிடும்போது என் உரையைத் தொடங்கினேன். பழந்தமிழ்ப் புலவர்களைத் தாண்டவிடவில்லை. தாயும் மகளும் தொலைபேசியில் எலேனியின் கடைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது சாந்தி இரண்டு பெட்டி கட்டினாள். ஒன்று மிதுனாவுக்கு, மற்றது எனக்கு, திங்கட்கிழமைக்கு. மைக்ரோவேவுக்கு மேலே கோடு இழுத்துக் கிடக்கும் அந்த மீனின் படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். கதவைத் திறந்து அது அங்கேதான் இருக்கிறதா என்று பிறகும் ஒருமுறை பார்த்தேன்.

மிதுனாவை ரயிலில் ஏற்றிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது.

"அப்பா, ஐ ஹாவ் டு ரெல் யூ. எனக்குப் பக்கத்தில இருந்த மனுசன் மூக்கைச் சுளிச்சிட்டு எழும்பிப் போட்டார்."

சாந்தி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன, யன்னல் சீற் எனக்கு."